மாந்தோல் விருந்து

கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கூழ் ஆலைகளில் ஜூன் பிறந்தால் பெங்களூரா மாம்பழம்தான். கூழ் டப்பாவில் அடைபட்டுக் கப்பலேறிவிடும். மிஞ்சும் தோலும் கொட்டையும் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. ஈ மொய்க்கும் அந்தக் குவியல், மேச்சேரி இனச் செம்மறி ஆட்டுக்குட்டிகளுக்கு விருந்து.

இனிப்பு இருப்பதால் குட்டிகள் தோலை ஒதுக்குவதில்லை. தொல்லை ஈரம்தான். 100 கிலோ தோலில் 70, 80 கிலோ வெறும் தண்ணீர். சில நாளிலேயே பூஞ்சணம் பூத்துவிடும். வெயில் அடித்தால் மொறுமொறுவென்று காய வைக்கலாம். மழை மிரட்டினால், நறுக்கிய வைக்கோலோடு கலந்து, காற்றுப் புகாமல் மிதித்து மூடி, ஊறுகாய்ப்புல் பக்குவத்தில் வைக்கலாம். சில வாரம் கழித்துத் திறக்கும்போது பழவாசமும் லேசான புளிப்பும் சேர்ந்து வந்தால் பதம் சரி. ஊறுகாய் என்றால் ஆட்டுக்கும் நாக்கு ஊறும் போலிருக்கிறது!

கொட்டைக்குள் உள்ள பருப்பில் மாவுச்சத்து அதிகம். துவர்ப்பும் அதிகம், ஊற வைத்தால் குறையும்.

வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும். மாந்தோலில் அது சொற்பம். கடலைப் பிண்ணாக்கோ வேலிமசாலோ சேர்த்தே ஆக வேண்டும். முதலில் கையளவு போட்டுப் பழக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறிக் குட்டி படுத்துவிடும்.