ஃபிரைடே நைட் லைட்ஸ்: பருவங்களின் தரவரிசை

ஃபிரைடே நைட் லைட்ஸ் (2006-2011) அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். டெக்சாஸ் மாநிலத்தில் டில்லன் என்னும் கற்பனைச் சிற்றூரின் பள்ளிக் கால்பந்து அணியை மையமாகக் கொண்டது. எச்.ஜி. பிஸ்ஸிங்கர் 1990-ல் வெளியிட்ட நூலையும், 2004-ல் வந்த அதன் திரைவடிவத்தையும் அடியொற்றி பீட்டர் பெர்க் இதை உருவாக்கினார். ஐந்து பருவங்களில் 76 அத்தியாயங்கள் வெளியாயின.

அளவுகோல்

பதின்பருவத் தொடர்களின் பொதுக்குறை, எந்த நிகழ்வும் அடுத்த சில அத்தியாயங்களுக்கு மேல் நினைவில் நிற்பதில்லை என்பது. ஓர் இளைஞனுக்கு நேர்ந்தது அவனோடு கடைசிவரை இருக்கிறதா என்ற கேள்வியைக் கொண்டே இத்தொடரின் பருவங்களைத் தரம் பிரிக்கலாம்.

வரிசை

1. நான்காம் பருவம்

பெரும்பாலான ரசிகர்கள் முதல் பருவத்தையே முதலிடத்தில் வைப்பார்கள். ஆனால் மாணவர்கள் படித்து முடித்து வெளியேறியதும் பள்ளித் தொடர்கள் தடுமாறும் இடத்தில் இத்தொடர் புதிதாகத் தொடங்கியது. பயிற்சியாளர் எரிக் டெய்லர் (கைல் சாண்ட்லர்) வசதியான அணியை இழந்து, ஏழைகள் வாழும் கிழக்கு டில்லனின் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார். முதல் ஆட்டத்தில் பையன்கள் அடிபட்டு வீழ்வதைக் கண்டு, பாதியிலேயே தோல்வியை ஒப்புக்கொள்கிறார். வின்ஸ் ஹோவர்டாக மைக்கேல் பி. ஜோர்டன் அறிமுகமானதும் இங்குதான். ஈராக்கில் இறந்த தந்தையின் அடக்கத்தில் மேட் சாரசன் (சாக் கில்ஃபோர்ட்) மண்வெட்டியை வாங்கித் தானே குழியை மூடும் காட்சி தொடரின் உச்சம். அண்ணனின் குற்றத்தையும் தன்மேல் போட்டுக்கொண்டு டிம் ரிகின்ஸ் சிறைக்குப் போகிறான்.

2. முதல் பருவம்

முதல் அத்தியாயத்திலேயே நட்சத்திர வீரன் ஜேசன் ஸ்ட்ரீட் முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்கும் திறனை இழக்கிறான். அவன் அதிசயமாக எழுந்து நடப்பதில்லை. 22 அத்தியாயங்களும் அந்த உண்மையோடு வாழப் பழகுகின்றன. அவன் இடத்துக்கு வரும் மேட், மறதிநோய் கொண்ட பாட்டியைத் தனியாகக் கவனித்துக்கொள்ளும் சிறுவன்.

3. ஐந்தாம் பருவம்

கணவனின் வேலைக்காக ஊர் மாறிவந்த டாமி டெய்லருக்கு (கோனி பிரிட்டன்) பிலடெல்பியாவில் பெரிய வாய்ப்பு வருகிறது. இம்முறை விட்டுக்கொடுக்க வேண்டியவர் எரிக். தொடர் பதினெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்திடம் கணக்குக் கேட்கிறது. மகள் ஜூலியின் கல்லூரிக் காதல் மட்டும் பலவீனமான இழை. சாண்ட்லரின் நடிப்பும் ஜேசன் கேட்டிம்ஸ் எழுதிய இறுதி அத்தியாயமும் 2011-ல் எம்மி விருது பெற்றன.

4. மூன்றாம் பருவம்

விடைபெறுதல்களின் பருவம். ஸ்மாஷ் வில்லியம்ஸ் கல்லூரி அணிக்கும், ஸ்ட்ரீட் நியூயார்க்குக்கும் போகிறார்கள். 13 அத்தியாயங்களில் சிறந்த காட்சிகள் பல உண்டு. ஆனால் முந்தைய பருவத்தில் வந்த சாண்டியாகோ ஒரு சொல் விளக்கமும் இன்றிக் காணாமல் போகிறான்.

5. இரண்டாம் பருவம்

டைராவைத் தாக்க வந்தவனை லாண்ட்ரி கிளார்க் (ஜெஸ்ஸி பிளெமன்ஸ்) அடித்துக் கொல்கிறான். உடலை இருவரும் ஆற்றில் போடுகிறார்கள். பிறகு அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள, வழக்கு இல்லாமல் போகிறது. பிந்தைய பருவங்களில் லாண்ட்ரியிடம் அதன் வடு சற்றும் இல்லை. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் பருவம் 15 அத்தியாயங்களோடு நின்றது. அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் கொலை நடப்பது பருவத்தின் முதல் அத்தியாயத்திலேயே.

மதிப்பீடு

ஒரு கொலையைவிட, தந்தையை நேசிக்க முடியாமற்போன மகன் குழியில் தள்ளும் மண் இத்தொடரில் கனமாக இருக்கிறது. கொலை கதையை நகர்த்துவதற்காக வந்தது. மண் மேட் என்னும் பையனின் வாழ்விலிருந்து வந்தது. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.