பணப்பையும் பாடத்திட்டமும்

"பல்கலைக்கழக ஆசிரியரின் கடமை படிப்பித்தலும் ஆராய்தலுமே, பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பன நிருவாகிகளின் கவலை" என்னும் அபிப்பிராயம் நம் கல்வியாளர் மத்தியிலே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கேட்பதற்கு இது தூய்மையான கொள்கை போலத் தோன்றும். ஆனால் எந்தப் பாடம் வளரும், எந்தப் பாடம் மடியும் என்பதைப் பெரும்பாலும் பணமே தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை மறைத்துவிடுவதால் இக்கொள்கையை நாம் ஆராய வேண்டியுள்ளது.

முதலில், பணம் யாருடையது? இலங்கையிலே பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கத்துக்கு 1906 இல் தலைமை தாங்கியவர் பொன்னம்பலம் அருணாசலம். அதன் பயனாக 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1945 இல் கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலவசம் என்ற சொல் நம்மை மயக்கிவிடக் கூடாது. மாணவன் செலுத்தாத கட்டணத்தை யாரோ ஒருவர் செலுத்தியே தீர வேண்டும். இந்நாட்டின் வரி வருமானத்திலே பெரும்பகுதி மறைமுக வரிகளாலேயே திரட்டப்படுகின்றது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டது. கொட்டாஞ்சேனையிலே துறைமுக வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஒரு சவர்க்காரக் கட்டியை வாங்கும்பொழுதெல்லாம் நமது பல்கலைக்கழகங்களுக்கு நன்கொடை அளிக்கின்றான். அவன் பெயர் எந்த மண்டபத்திலும் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் முதலாவது கொடையாளி அவனே.

இரண்டாவதாக, திட்டமிடுவோர் யார்? 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் கல்வி விடயங்களை ஆசிரியர் நிறைந்த மூதவையிடம் ஒப்படைக்கின்றது. நிதியும் நிருவாகமும் பேரவையின் பொறுப்பாகும். அப்பேரவையிலே துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவையின் பிரதிநிதிகள் ஆகியோரின் மொத்தத் தொகையிலும் ஒருவர் கூடுதலாக, மானியங்கள் ஆணைக்குழுவினால் வெளியிலிருந்து நியமிக்கப்படுகின்றனர். வர்த்தகம், கைத்தொழில் முதலிய துறைகளிலே சேவையாற்றியோர் அதற்குத் தகுதியுடையோரெனச் சட்டமே கூறுகின்றது. அறிவு ஒரு மண்டபத்திலும் பணம் மற்றொரு மண்டபத்திலும் அமர்ந்திருக்கின்றன. இரண்டாவது மண்டபத்திலே ஆசிரியர் என்றும் சிறுபான்மையினரே.

இப்பிரிவினையின் விளைவைக் கடந்த இருபது ஆண்டுகளிலே கண்கூடாகக் கண்டோம். 2003 இலும் 2010 இலும் 2017 இலும் தொடங்கிய மூன்று உயர்கல்வித் திட்டங்கள் உலக வங்கியின் நிதியுடன் நடைபெற்றன. அவற்றிலே பணம் பெற விரும்பிய பீடங்கள் முன்மொழிவுகளை எழுதிப் போட்டியிட வேண்டியிருந்தது. ஆய்வுகூடங்களும் கணினிகளும் கிடைத்தன. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலைவாய்ப்புக்கு இசைவு, தொழிற்றுறையோடு தொடர்பு என்பனவே அத்திட்டங்களின் தாரக மந்திரங்களாயின. தமிழும் வரலாறும் தத்துவமும் கற்பிப்போர் தம் துறைகளின் நியாயத்தைச் சந்தையின் மொழியிலே எடுத்துரைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். பணம் தேடும் வேலையில் ஆசிரியர் பங்குபற்றினர் என்பது உண்மையே. எதற்காகப் பணம் என்பதை வகுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தனர்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடம் உண்டு. 2012 யூலை முதல் ஒக்டோபர் வரை பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் வேலைநிறுத்தம் செய்தது. சம்பள உயர்வும் கோரிக்கைகளில் ஒன்றே. ஆயினும் மக்களின் நெஞ்சைத் தொட்டது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்ற முழக்கமேயாகும். அவ்வாண்டு செப்டெம்பரிலே விரிவுரையாளர்கள் காலியிலிருந்து கொழும்புவரை நடந்து வந்தனர். அறிஞர் தெருவுக்கு வருவது நமக்குப் புதிதன்று. 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, இலண்டனில் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்ற கொல்வின் ஆர். டி சில்வா அவர்களின் பக்கம் நின்றார். 2012 இல் நடந்தவர்கள் அந்த மரபின் வாரிசுகள். நிதி திரட்டல் என்பதற்கு அவர்கள் புதிய பொருள் தந்தனர்: செல்வர் வாசலிலே கையேந்தாமல், மக்களின் பணத்தை மக்களின் கல்விக்கே திருப்புமாறு மக்களோடு சேர்ந்து கேட்டல்.

ஆயினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் விமர்சனமாகாது. 6 வீதம் இன்றுவரை எட்டப்படவில்லை. அந்த நடைப்பயணத்தின் பின்னர் ஆசிரிய சமூகம் மீண்டும் தன் வளாகத்துக்குள்ளே ஒடுங்கியது. மாலைநேரங்களிலும் வாரவிறுதிகளிலும் நடைபெறும் கட்டணப் பட்டப்பின் படிப்புகள் பெருகின. அவற்றிலே கற்பிப்போருக்கு மேலதிக வருமானமும் உண்டு. பகலிலே இலவசக் கல்விக்காகப் பேசிய நாவே மாலையிலே கட்டணக் கல்வியின் பயனை நுகர்வதாயின், கொட்டாஞ்சேனைத் தொழிலாளி நம்மை எப்படி நம்புவான்? வெள்ளவத்தையிலே காலி வீதியோரம் நடப்போர் பட்டம் விற்கும் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களைக் காணாதிருக்க முடியாது. அவ்வணிகத்தைக் கண்டிக்கும் தார்மிக உரிமை, நம் கணக்கை நாமே பகிரங்கப்படுத்தும்பொழுதுதான் நமக்குக் கிட்டும்.

திட்டமிடும் ஆற்றல் ஆசிரியருக்கு இல்லை என்போர் வரலாற்றை அறியாதவர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபொழுது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் க. கைலாசபதி. இலக்கியத் திறனாய்வாளர் ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டியெழுப்பும் பணியில் இறங்கினார்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. கல்வித் திட்டமும் வரவு செலவு மதிப்பீடும் ஒரே வேளையில் மூதவையிலே விவாதிக்கப்பட வேண்டும். வங்கியாயினும் வணிகராயினும், பணம் தருவோர் விதிக்கும் நிபந்தனைகள் கையொப்பமிடுமுன் ஆசிரியர் முன்னும் மாணவர் முன்னும் வைக்கப்பட வேண்டும். கட்டணப் படிப்புகளின் வரவும் செலவும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் சங்கங்கள் தத்தம் பீடங்களிலே நாளையே தொடங்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசுவது அறிவுக்கு இழுக்கென்று எண்ணும் ஆசிரியர், அந்தப் பேச்சைப் பிறரிடம் விட்டுவிடுகின்றார். பேசுபவரே பாடத்தையும் தீர்மானிப்பார். சவர்க்காரக் கட்டியோடு வரி செலுத்திய தொழிலாளியின் மகள் நாளை எந்தப் பாடத்தைப் படிப்பாள் என்பது, இன்று நாம் எந்த மேசையிலே அமர்கின்றோம் என்பதைப் பொறுத்தே அமையும்.