எழுதி அழித்த வரலாறு

சித்திரக்கதை இலக்கியம் ஆகுமா என்னும் வினா பழையது. அதனை ஈண்டு எழுப்பப் போவதில்லை. வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர், தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்னரே அமெரிக்கச் சித்திரக்கதைகளை ஆங்கிலத்தில் படித்து முடித்துவிடுகின்றனர். அவற்றைப் பெற்றோரும் ஒருமுறை ஊன்றிப் படித்தல் நன்று. அவ்வாறு படித்தபோது என் நெஞ்சை விட்டு அகலாத பாத்திரம் ஒன்று உண்டு. மார்வெல் நிறுவனத்தார் கதைகளில் வரும் வாண்டா மாக்சிமாஃப் என்பவளே அவள். ‘ஸ்கார்லெட் விட்ச்’, அதாவது செந்நிறச் சூனியக்காரி என்பது அவளுக்கு வழங்கும் பெயர்.

ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைய, 1964ஆம் ஆண்டு ‘எக்ஸ்-மென்’ நான்காம் இதழில் வாண்டா முதன்முதலாகத் தோன்றினாள். தோன்றும்போதே கடன்பட்டவளாகத் தோன்றுகிறாள். சூனியக்காரி என்று சினந்து திரண்ட ஊராரிடமிருந்து அவளைக் காத்தவன் மாக்னிட்டோ. அந்த நன்றிக்காக, மனமின்றியே அவனது தீய கூட்டத்தில் அவளும் உடன்பிறந்தான் பியட்ரோவும் பணிபுரிகின்றனர். 1965இல் அக்கட்டினை அறுத்துக்கொண்டு இருவரும் ‘அவெஞ்சர்ஸ்’ என்னும் வீரர் குழுவில் சேர்கின்றனர். அந்நாளில் அவள் ஆற்றல் சிறிது. கையை நீட்டினால் எதிரிக்கு ஏதேனும் ஒரு கெடுதி நேரும்; அவ்வளவே. 1974இல் ஸ்டீவ் எங்கில்ஹார்ட் என்னும் எழுத்தாளர்தாம் அகதா ஹார்க்னஸ் என்ற முதியவளிடம் அவளை மாணவியாக்கி, மெய்யான மந்திரக் கல்வி பயில வைத்தார்.

இவளுடைய தந்தை யார்? 1974இல் விஸ்ஸர், மிஸ் அமெரிக்கா என்னும் பழைய வீரர் இருவரின் மகள் என்றனர். 1979இல் அது பொய்யாயிற்று. 1983இல் மாக்னிட்டோவே தந்தை என்றனர். அவன் செய்த பழைய உதவிக்கு அதனால் ஒரு புதுப்பொருள் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் வாசகர் அதனை நம்பிய பின், 2014இல் அதுவும் இல்லை என்றாயிற்று. திரைப்பட உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்தமையே காரணம் என்று பலர் கருதினர். அலுவலகத்தில் பணிப்பதிவேடு பேணுவோர் அறிவர், தந்தை பெயரில் ஓர் எழுத்தைத் திருத்துதற்கு எத்தனை சான்றுகள் வேண்டுமென்று. வாண்டாவின் பதிவேட்டிலோ எவரும் எதனையும் அடித்து எழுதலாம் போலும்!

தந்தையை மாற்றியது சிறிது. அவள் மக்களுக்குச் செய்தது பெரிது. 1975இல் அவள் ‘விஷன்’ என்னும் செயற்கை மனிதனை மணக்கிறாள். 1986இல், தன் மந்திர ஆற்றலின் துணையால், தாமஸ், வில்லியம் என்னும் இரட்டையரைப் பெறுகிறாள். புறநகர் ஒன்றில் வீடு எடுத்துத் தங்கி, வேற்றினத்தாராக நோக்கும் அண்டைவீட்டாரிடையே குடும்பம் நடத்த அவ்விருவரும் முயலும் அக்கதைகள், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு எளிதில் விளங்குவன. மூன்றாண்டுகளே அவ்வாழ்வு நிலைத்தது. 1989இல் ஜான் பைர்ன் என்பார் கணவனைப் பிரித்துப் போட்டு உணர்ச்சியற்ற பொறியாக்கினார். பிள்ளைகளோ பிள்ளைகளே அல்லர், மெஃபிஸ்டோ என்னும் அரக்கனது ஆன்மாவின் சிதறல்கள் என்றார். துயரம் தாங்காள் என்று கருதி, பிள்ளைகளைப் பெற்ற நினைவையே அவளிடமிருந்து அகதா அகற்றிவிடுகிறாள். இறந்த மகவுக்காக அழும் உரிமையையும் தாயிடமிருந்து பறித்த இக்கொடுமையை, கதைக்குள் எவரும் கொடுமை என்று சொல்லவில்லை. என்னை மிகவும் உறுத்துவது இதுவே.

2004இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதிய கதையில் அத்துயரம் வெடிக்கிறது. அவெஞ்சர்ஸ் குழு சிதைகிறது. தோழர் சிலர் மாள்கின்றனர். அப்போது அங்கு வரும் மந்திர வல்லுநர் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், வாண்டா கைக்கொண்டதாகச் சொல்லப்படும் குழப்ப மந்திரம் என்று ஒன்றே கிடையாது என்று தீர்ப்புரைக்கிறார். ஆணின் மந்திரம் கல்வி. பெண்ணின் மந்திரம் பித்து. பின்வந்த எழுத்தாளர்கள் அம்மந்திரம் உண்டென்று மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று.

2005இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் எம்’ இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் தொடக்கத்தில் வீரர் அனைவரும் கூடி, வாண்டாவைக் கொல்வதா விடுவதா என்று ஆராய்கின்றனர். அவள் அவ்வவையில் இல்லை. அவளை அழைத்து வினவவேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. இதன் பின்னரே அவள் உலகையே மாற்றி அமைக்கிறாள். இறுதியில், பிறவியிலேயே தனியாற்றல் பெற்ற ‘மியூட்டண்ட்’ மாந்தருள் மிகப் பலரின் ஆற்றல் அவளது ஒரு சொல்லால் அழிகிறது.

இவ்விடத்தில் சிலப்பதிகாரம் பயின்றவர் உள்ளம் மதுரைக்குச் செல்லாதிராது. கண்ணகியும் துயரத்தால் ஒரு நகரை எரித்தவளே. ஆயினும் இளங்கோவடிகள் அவளுக்கு முதலில் வழக்குரைக்க ஒரு காதை தந்தார். மன்னன் வினவினான், அவள் விடை பகர்ந்தாள், சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது. எரியூட்டும்போதும் முதியோரையும் குழவிகளையும் விலக்குமாறு தீக்கடவுளுக்கு அவள் ஆணையிடுகிறாள். அச்சினத்தில் அறிவு உண்டு. வாண்டாவுக்கு அவையும் இல்லை, சிலம்பும் இல்லை. அவள் செய்த அழிவு கண்ணகி செய்ததினும் கொடிது என்று கூறுவோர் உளர், இருக்கலாம். ஆனால் கேட்கப்படாத வழக்கில் குற்றத்தின் அளவை எவ்வாறு அறிவது?

2010 முதல் 2012 வரை ஆலன் ஹைன்பெர்க் எழுதிய ‘சில்ரன்ஸ் குருசேட்’ இவளுக்கு நன்மை செய்ய முனைந்தது. வேறு இல்லங்களில் மறுபிறவி எடுத்து வளர்ந்த மைந்தர் இருவரும் தாயைத் தேடிச் சென்று காண்கின்றனர். நினைவிழந்த அவளை டூம் என்னும் கொடுங்கோலன் மணக்கவிருக்கும் வேளை அது. மைந்தரை அவளிடம் சேர்த்தமைக்காக இவ்வாசிரியருக்கு நன்றி சொல்வேன். ஆனால் அவள் செய்த அழிவில் டூமுக்கும் பெரும்பங்கு உண்டு என்று காட்டியது எனக்கு உடன்பாடன்று. பழியைக் குறைக்கப் புகுந்தவர், செயலையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டார்.

2021இல் வந்த ‘வாண்டாவிஷன்’ தொலைக்காட்சித் தொடர் அவள் துயரத்தைத் துயரமாகவே காட்டியதால் பலரையும் ஈர்த்தது. அதே ஆண்டில் லேயா வில்லியம்ஸ் எழுதிய ஐந்து இதழ்க் கதை ஒன்றும் வெளிவந்தது. அதில் வாண்டா கொலையுண்டு கிடக்கிறாள். பின் உயிர்பெற்று எழுந்து, முன்பு தன்னால் கெட்டவர்க்கு ஈடாக, மாண்டுபோன மியூட்டண்ட் மாந்தர் மீண்டு வர ஒரு வழி அமைத்துத் தருகிறாள். ஐம்பத்தேழு ஆண்டுகளில் அவள் தானே தேர்ந்து செய்த செயல்களுள் இது தலையாயது என்பேன். கொலைப்பழி மாக்னிட்டோவின்மீது விழுந்ததால் அக்கதைக்கு இட்ட பெயர் ‘மாக்னிட்டோவின் மீதான வழக்கு’ என்பது.