மங்கம்மாளும் இடக்கை வெற்றிலையும்

ஜாலான் புசார் என்றால் மலாய்மொழியில் 'பெரிய சாலை' என்று பொருள். சிங்கப்பூரின் அச்சாலைப் பெயரில் அதை அமைத்தவர் எவரும் இல்லை. தென்பாண்டி நாட்டிலோ பழைய சாலை ஒன்று இன்றும் 'மங்கம்மாள் சாலை' என்றே வழங்குகிறது. அச்சாலை தோன்றியதற்குச் சொல்லப்படும் காரணமே ஆராயத்தக்கது.

அரசியார் ஒருநாள் நினைவின்றி இடக்கையால் வெற்றிலை தரித்துவிட்டாராம். அப்பிழைக்குக் கழுவாயாகவே சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாராம். மாணவர் விரும்பிக் கேட்கும் கதை. ஆசிரியரும் விரும்பியே சொல்கின்றனர். ஆயின், திருமலை நாயக்கர் மகால் எழுப்பியதற்கு எவரேனும் கழுவாய் தேடியதுண்டா? அரசன் கட்டினால் ஆட்சித்திறம், அரசி கட்டினால் நோன்பு என்று கொள்வது என்ன முறையோ!

மங்கம்மாள் 1689-இல் கைக்குழந்தையான பேரன் விசயரங்க சொக்கநாதன் பொருட்டு மதுரை நாயக்கர் அரசின் பொறுப்பேற்றார். கணவர் மறைந்திருந்தார், மகனும் அம்மையால் மாண்டார். வடக்கே ஔரங்கசீப்பின் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்த காலம் அது. மொகலாயரோடு பொருது அழியாமல், திறை செலுத்தி நாட்டைக் காத்தார். இதைக் கோழைமை என்பார் உளர். செஞ்சி 1698-இல் வீழ்ந்ததை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. திறை தர மறுத்த வேணாட்டின்மீது தளவாய் நரசப்பையாவை ஏவியவரும் இதே அரசியார்தாம். படையும் வணிகரும் செல்ல வழி வேண்டும் என்பதை அறிய வெற்றிலை தேவையில்லை.

பேரரசுகளுக்கு அருகே வாழ்ந்த நபத்தேயரிடமும் இத்தகைய நிலை இருந்தது. பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட அவ்வரபு மக்களின் காசுகளில் அரசன் முகத்தோடு அரசி முகமும் பொறிக்கப்பட்டது. கி.பி. 70-இல் இரண்டாம் ரப்பேல் சிறுவனாக அரியணை ஏறியபோது தாய் சகிலத் சில ஆண்டுகள் ஆட்சி நடத்தினாள். காசில் மகனோடு அவள் உருவும் உண்டு. ஆகவே அவளது அதிகாரத்தை அறக்கொடை என்று எவரும் மயங்குவதில்லை.

மங்கம்மாளின் தோல்வியையும் மறைக்க வேண்டுவதில்லை. 1702-இல் கிழவன் சேதுபதியோடு நடந்த போரில் மதுரைப்படை தோற்றது; நரசப்பையாவும் மாண்டார். சேது நாடு மதுரையின் பிடியிலிருந்து நழுவியது. சத்திரத்தைப் புகழும் நூல்கள் பல இப்போரை ஒரு வரியில் முடித்துவிட்டு, சிறையில் அவர் பட்டினி கிடந்து மாண்டார் என்னும் செவிவழிக் கதைக்கு ஒரு பக்கமே ஒதுக்குகின்றன.