பிச்சியின் எதிரி யார்? ‘வாடிவாசல்’ - மோதலும் நோக்குநிலையும்

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நூலாக வந்தது 1959இல். ‘எழுத்து’ தொடங்கிய அதே வருஷம். அதைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டதில் பெரும்பகுதி இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும்: வீரம், பண்பாடு. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது இந்தச் சின்னப் புத்தகத்தின் பெயர் மறுபடி பேச்சில் அடிபட்டது. கொடியாகப் பிடித்தோமே ஒழியப் பிரதியாக வாசித்தோமா என்பது சந்தேகம். அலசல் விமர்சனம் என்று வாழ்நாளெல்லாம் மன்றாடிய மனிதரின் கதையை அலசாமலே வைத்திருக்கிறோம்.

இதை எழுத வைத்தது ஒரு கேள்வி. சாக்கோட்டையில் மஞ்சுவிரட்டுக்கு மாடு பிடிக்கப் போகிற தம்பி ஒருவனிடம் புத்தகத்தைக் கொடுத்திருந்தேன். ஐ.டி.ஐ. முடித்தவன். தேடிப்பிடித்துக் கதை படிக்கிற ஆளில்லை. ரெண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டான்: “அண்ணே, பிச்சி மாட்டப் புடிச்சிட்டான், சரி. அதோட முடிய வேண்டியதுதான? கடைசில ஜமீன்தாரு எதுக்குண்ணே வந்து நிக்கிறாரு? இது யாரு கதை?” கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு என்று வரிசையாக எழுதி மார்க் வாங்கி எம்.ஏ. முடித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

விளையாட்டுக் கதை என்றதும் நமக்குள் ஒரு அச்சு தயாராக இருக்கிறது. ஏழைப் பையன், அவமானம், பயிற்சி, கடைசி நிமிஷ வெற்றி. ‘வெண்ணிலா கபடிக்குழு’ (2009) அந்த அச்சை ஓரளவு உடைத்தது, ஜெயித்த கையோடு பையனைச் சாகடித்து. மாரி செல்வராஜின் ‘பைசன்’ (2025) கோட்டுக்கு வெளியே நடக்கிற சாதி மோதலைக் கோட்டுக்குள் கொண்டுவந்தது. இரண்டிலும் நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. செல்லப்பா அறுபது எழுபது வருஷத்துக்கு முன்பே இதைவிடச் சிக்கலான ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்.

கதை தெரிந்ததுதான். உசிலனூரிலிருந்து பிச்சியும் அவன் மச்சான் மருதனும் செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வருகிறார்கள். பிச்சியின் அப்பன் அம்புலி பேர்பெற்ற மாடுபிடிகாரன். காரி என்கிற காளை குத்திச் செத்தவன். அந்தக் காரி இப்போது வாடிபுரம் ஜமீன்தாரின் காளையாக வந்து நிற்கிறது. பிச்சி அதை அணைகிறான், அடக்குகிறான், தொடையில் குத்தும் வாங்குகிறான். ஜமீன்தார் தன் காளையைச் சுட்டுக் கொல்கிறார். ஒரே ஒரு பொழுது, ஒரே ஒரு களம்.

மோதல் யாருக்கும் யாருக்கும் என்றால் பிச்சிக்கும் காரிக்கும் என்று சொல்லிவிடலாம். பிச்சியே அப்படித்தான் சொல்வான். ஆனால் காளைக்கு அம்புலியைத் தெரியாது. அம்புலிக்கு மகன் இருப்பது தெரியாது. பழி என்பது பிச்சியின் கண்ணுக்குள் மட்டும் இருக்கிற விஷயம். அவன் தோளுக்குப் பின்னால் நின்று களத்தைப் பார்ப்பதால் நமக்கும் அது நிஜமாகிறது. மோதல் முன்கூட்டியே எங்கோ இருந்து அதைக் கதைசொல்லி ‘சித்திரிக்கிறார்’ என்பது பாடப்புத்தகப் புரிதல். கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதுதான் மோதலையே உண்டாக்குகிறது.

பிச்சியின் தோளில் மட்டுமே நின்றிருந்தால் இது வெறும் பழிவாங்கும் கதையாகப் போயிருக்கும். வாடிவாசலை ஒட்டி ஒரு கிழவனை வைக்கிறார் செல்லப்பா. களத்தையும் காளைகளையும் அறிந்த பேச்சுக்காரக் கிழவன். அம்புலியைப் பற்றித் தெரிந்தவன். இளவட்டத்தின் கண்ணில் படாததெல்லாம் கிழவனின் வாயில் வருகிறது. இன்ன காளை யாருடையது, அதைத் தொட்டால் யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் அந்தப் பேச்சு வழக்கில்தான் நமக்குக் கிடைக்கிறது. ஆக, அதிகாரம் பற்றிய தகவல் கதைக்குள் நுழைவது ஊர்ப்பேச்சாக. பிச்சி அதைக் கேட்கிறான், ஆனால் எடுத்துக்கொள்வதில்லை. அவனுக்கு மாடு மட்டும்தான் தெரிகிறது.

அடக்கி முடித்ததும் கண் இடம் மாறுகிறது. அதுவரை மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் பக்கமாகக் கதை நகர்கிறது. ஊர் பார்க்க ஜெயித்தவனை மதிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு, உள்ளுக்குள் வேறொன்று. அந்த வேறொன்றுக்குப் பலி காரி. தம்பி தடுக்கி நின்ற இடம் இதுதான். பிச்சியோடு ஓடி வந்த வாசகனை, கடைசியில் ஜமீன்தாரின் கையிலிருக்கும் துப்பாக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். பிச்சியின் எதிரியைக் கொன்றது பிச்சியல்ல. அவன் எதிரி காளைதானா என்பதே அப்போதுதான் சந்தேகமாகிறது. காளை அவரது கௌரவத்தின் நடமாடும் உருவம். அது தோற்றதும் அதை அழித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம். பிச்சிக்கு அப்படி மாற்றி வைக்க எதுவுமில்லை, சொந்த உடம்புதான் பந்தயம். இந்த ஏற்றத்தாழ்வைப் பிச்சியால் பார்க்க முடியாது. பார்க்க முடியாதபடிதான் அவனுடைய ‘வீரம்’ கட்டப்பட்டிருக்கிறது.

இங்கே செட்டிநாட்டுப் பக்கத்து வாசகன் ஒருவனாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டுக்கு ஒரு வாசல் உண்டு. மாடு ஒவ்வொன்றாக அந்த வழியாகத்தான் வரவேண்டும். அத்தனை கண்ணும் அந்த ஒரு இடத்தில். செல்லப்பாவின் கதை வடிவமே அந்த வாசலால் ஆனது. சிவகங்கைச் சீமையின் மஞ்சுவிரட்டு வேறு ரகம். தை மூன்றாம் நாள் சிராவயல் பொட்டலில் தொழுமாட்டுக்கு ஊர் சார்பில் வேட்டி துண்டு மரியாதை செய்து அவிழ்க்கிறார்கள். ஆனால் அதற்கு வெளியே கட்டுமாடுகள் வயலிலும் கண்மாய்ப் பக்கமும் அவிழ்ந்தபடி இருக்கும். எந்த மாடு எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. மாசி மகத்துக்கு அரளிப்பாறையில் சனம் பாறைமேல் ஏறி உட்கார்ந்து பார்க்கிறது, ஏனென்றால் கீழே நிற்கிற எவனும் வெறும் பார்வையாளன் இல்லை. இந்தப் பொட்டலில் நின்றுகொண்டு ‘வாடிவாசல்’ எழுதியிருக்க முடியாது. ஒற்றை வாசலும் ஒற்றை மேடையும் இல்லாத இடத்தில் பிச்சிக்கும் காரிக்குமான நேருக்கு நேர் எப்படி நிகழும்?

அதற்காக எங்கள் பொட்டலில் மேடையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மரியாதை யாருக்கு முதலில் என்பதில் நாட்டுக் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. கண்டதேவித் தேரின் வடத்தை யார் தொடலாம் என்கிற கேள்வி 1998 வாக்கில் நீதிமன்றம் வரை போன மண் இது. ‘வாடிவாசல்’ இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. களத்தில் இறங்க உரிமை இருப்பவர்களுக்குள் நடக்கிற மோதலை மட்டுமே அது அறியும். இறங்கவிடாதவர்களின் கண் அதில் கிடையாது. பெண்ணின் கண்ணும் கிடையாது. பெண் பாத்திரம் என்று சொல்லும்படி ஒருத்தி கதைக்குள் நடமாடுவதில்லை. செல்லப்பாவைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஜமீன்தாரின் மேடையைக் காட்டிக்கொடுக்க முடிந்த ஒரு கதைக்கு இந்த வேலி தெரியாமல் போனது எப்படி என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இன்னொரு கண்ணும் விட்டுப்போயிருக்கிறது. 2024 தைப்பொங்கலை ஒட்டி நடந்த சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் சிறுவன். ஜல்லிக்கட்டு வழக்குகள் தொடங்கிய காலத்தில் நீதிமன்றப் படியேறியவர்களில், பார்க்கப் போய்ச் செத்துப்போன பிள்ளையின் தகப்பனும் உண்டு. செல்லப்பாவில் அப்பன் சாகிறான், மகன் களத்துக்கு வருகிறான். இங்கே மகன் சாகிறான், அப்பன் கோர்ட்டுக்குப் போகிறான். 2014 மே மாதத் தடை, 2017இன் சட்டத்திருத்தம், அது செல்லும் என்று 2023 மே மாதம் வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு என்று வழக்கு நீண்டது. அத்தனையிலும் காளைக்காகப் பேச ஆள் இருந்தது, பண்பாட்டுக்காகப் பேசவும் ஆள் இருந்தது. அந்தத் தகப்பனின் நோக்கில் ஒரு தமிழ்க் கதை வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்தால் அதில் பிச்சி யாராக இருப்பான்?

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான். “நீங்க சொல்றது சரிண்ணே. ஆனா மாடு வர்றப்ப ஜமீன்தாரு, சாதி, ஒண்ணும் தெரியாது. திமிலு மட்டும்தான் தெரியும்” என்றான். அடுத்த தைக்கும் போவான். அன்றைக்கு அவன் அம்மா டி.வி.யைப் போடவிடுவதில்லையாம்.