ஆர்.சி. பள்ளிக்கூடத்து கேட்

தென்மாவட்டத்து ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளிகளில் எனக்கு மிகப் பிடித்தது கேட்தான். பச்சையோ நீலமோ எனாமல் பெயிண்ட், உச்சியில் இரும்புச் சிலுவை, ஒரு கதவில் மட்டும் ஆள் குனிந்து நுழையும் திட்டிவாசல். காலை மணி அடித்ததும் பெரிய கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் குனிந்துதான் நுழையவேண்டும், வட்டாரக் கல்வி அலுவலர் உட்பட.

சாயங்காலம்தான் பார்க்கவேண்டும். வெளியே தாத்தாக்கள், ஆட்டோக்காரர்கள், மிளகாய்ப்பொடி தூவி மாங்காய்க் கீற்று விற்கும் அக்கா. உள்ளே சிஸ்டர்.

"யாரு வந்திருக்கா?"

"எங்க மாமா, சிஸ்டர்."

"எந்த மாமா? அம்மா ஒண்ணும் சொல்லலையே!"

மாமா அசடு வழிய, பிள்ளையின் அம்மாவான தன் அக்காவுக்கு போன் போடுவார். பேசி முடியும்வரை பிள்ளையின் கை சிஸ்டரின் பிடியில். எந்தக் கேமராவுக்கும் இந்தக் குறுக்கு விசாரணை வராது.

பக்கத்துச் சுவரில் 1098, குழந்தைகளுக்கான இலவச உதவி எண். ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு கேட் மட்டும் போதாது. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் பலியான பிறகுதான் கீற்றுக் கொட்டகைகளை அகற்றினார்கள். 2012-இல், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. தவறு தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பது அதில் குற்றம். அங்கி போட்டவர்களுக்கும் விலக்கில்லை. அப்படித்தானே இருக்கவேண்டும்?

மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு கதவும் அகலத் திறக்கும். மைதானத்தில் ராட்டினம், வராந்தாவில் அசன விருந்துக்கான அண்டாக்கள். மாலை போட்ட ஐயப்பசாமி வீட்டுப் பிள்ளையும் சப்பரத்தின் பின்னால் ஓடும். மறுநாள் பள்ளிக்கு லீவு.