மரகதத்தின் போர்

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் செல்லையாவோடே போய்விடுகிறோம். இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பியவன் வட்டிக்கடைக்கு ஆகமாட்டான் என்று முதலாளி வானாயீனா முடிவு கட்டுகிறார். மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். போர் செல்லையாவை என்ன செய்தது என்று கேட்கும் நாம், மரகதத்தை என்ன செய்தது என்று கேட்பதில்லை.

கதை நிகழுமிடம் பினாங்கு. அதே போர்க்காலத்தில், 1943 அக்டோபரில், சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை ஏற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி சுவாமிநாதன். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். தோட்டத்து ஆண்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோன காலம் அது.

மரகதத்தையும் சிங்காரம் படைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்ணுக்குத் திறந்த கதவு, வட்டிக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு எளிதில் திறந்திருக்காது. குடும்ப மானமும் சொத்தும் அதைப் பூட்டி வைத்திருந்தன. அந்தப் பூட்டைச் சிங்காரம் பூசி மெழுகாமல் காட்டுகிறார். நாவலின் பலம் அது. ஆனால் வலியை அளக்கும்போது கதை செல்லையாவின் பக்கமே நிற்கிறது.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. செல்லையாவுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு போராவது இருக்கிறது. மரகதம் தோற்ற போர் வீட்டுக்குள் நடந்தது. அதற்குச் சரித்திரத்தில் தேதி இல்லை.